எலும்பு, ரத்தம், சதை, நரம்பு

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பன் ஜாடையா, ஆத்தா ஜாடையா என்று பேச்சு ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் இருந்த டாக்டரம்மா மட்டும் முகத்தைக் கடைசியில் பார்ப்பார். முதலில் உச்சந்தலையில் விரல்களைப் பரப்பி வைப்பார். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் தடவுவார். அதன்பின் தோள். குழந்தையின் இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கி விட்டுவிட்டு, இரண்டும் ஒன்றுபோல மடங்கிக்கொள்கின்றனவா என்று கவனிப்பார். எல்லாம் முடிந்த பிறகு, குழந்தை அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்த மாதிரி, "அடடே, வா, வா" என்பார்.

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் எங்கள் தெரு. எதிர்வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு அவர் பொறுப்பு. வெள்ளைச் சேலையும் கறுப்புப் பூட்சுமாகக் காலையில் எங்கள் தெரு ராவுத்தரின் ஜட்கா குதிரைவண்டியில் ஏறிப் போனால் பொழுது சாயும்போது திரும்புவார்.

பிரசவத்தில் பிள்ளைக்கு அடிபடும் என்பதே அன்று எங்களுக்குப் புதிது. பிள்ளை ஏதாவது கோளாறோடு பிறந்தால் தாய் கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள், எதையோ பார்த்துப் பயந்திருப்பாள் என்று அவள் மேல்தான் பழி விழும். டாக்டரம்மா அதைக் கேட்டால் எரிந்து விழுவார். "வர்ற வழி குறுகல். வரும்போது பட்டிருக்கு. கிரகணத்துக்கு இதுதான் வேலையா?" என்பார். அப்புறம் தொட்டுப் பார்த்துவிட்டு நாலில் ஒரு வார்த்தை சொல்லுவார். எலும்பு, இல்லாவிட்டால் ரத்தம், இல்லாவிட்டால் சதை, இல்லாவிட்டால் நரம்பு. பிறக்கும்போது படுகிற அடி எல்லாவற்றையும் அவர் இந்த நாலுக்குள் அடக்கி வைத்திருந்தார்.

பலசரக்குக் கடைக்காரர் பேரனுக்குத் தலையில் ஒரு பக்கம் முட்டை அளவுக்கு வீக்கம். குளிப்பாட்ட வருகிற கிழவி குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, "எண்ணெய் வச்சு உருட்டி அமுக்கினா உருண்டையாயிரும்" என்று உள்ளங்கையை வைத்தாள். டாக்டரம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"கையை எடு!"

இறங்கி வந்தார். வீக்கத்தின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "மண்டை ஓடு ஒரே ஓடு இல்ல. பாளம் பாளமா இருக்கும். இந்த வீக்கம் ஒரு பாளத்துக்குள்ளதான் நிக்குது. கோட்டைத் தாண்டல. ரத்தம். அமுக்கவும் கூடாது, கீறவும் கூடாது. தானா வத்தும்."

கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் உருட்டின தலைதான் இந்தத் தெரு பூரா நடமாடுது, தெரியும்ல?"

"அதான் தினமும் பார்க்கேனே" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா மாடியேறினார்.

வீக்கம் வற்றியது. என் சித்தி மகனுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி. தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. கழலை என்று பயந்து சித்தி சாப்பிடாமல் கிடந்தாள். டாக்டரம்மா, "சதை. முறுக்கிக்கிட்டு இறுகியிருக்கு. தொட்டிலைத் திருப்பிக் கட்டு. வாசல் வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கட்டும். பிள்ளை வெளிச்சத்தைத் தேடித் தானே தலையைத் திருப்பும்" என்றார். தையல்காரர் வீட்டுக் குழந்தைக்குத் தோளுக்கு மேலே காறை எலும்பு முறிந்திருந்தது. அதன் சட்டைக் கையை மார்போடு சேர்த்துப் பின்னூசி குத்திவிட்டு, "எலும்பு. பச்சை எலும்பு சீக்கிரம் கூடும். ஒரு முடிச்சுத் தட்டுப்படும், பயப்படாத" என்றார்.

ராவுத்தரின் மகன் பிறந்தபோது, அழுதால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு கண் மூடாது. இடுக்கி ஆயுதம் போட்டுத் தலையைப் பிடித்து எடுத்த பிள்ளை. ராவுத்தர் ஜட்காவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அழுதார்.

"நரம்பு" என்றார் டாக்டரம்மா. "காத்திருக்கணும்."

"எம்புட்டு நாளும்மா?"

"அது நரம்புக்குத்தான் தெரியும்."

வெகு நாள் ஆகவில்லை, சரியாகிவிட்டது. அன்றிலிருந்து ராவுத்தருக்கு அவர் மேல் பக்தியும் வந்தது, கேலியும் வந்தது. குதிரை சண்டித்தனம் செய்து நின்றால், "அம்மா, இதுக்கு எலும்பா நரம்பா?" என்று கேட்பார். இவர் வண்டிச் சட்டத்தைக் குடையால் தட்டுவார். "எனக்குத் தெரியும்மா. கொழுப்பு. அது உங்க நாலுல இல்ல" என்பார் ராவுத்தர்.

குழந்தைகளோடு இது நிற்கவில்லை. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பிரித்தார். என் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். அவரும் பெரியப்பாவும் கடைப் பங்கில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினபோது, "எலும்பு. கூடிரும். முடிச்சு மட்டும் இருக்கும்" என்றார். அப்படியே நடந்தது, கடைசிவரை இருவரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் கடையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். என் அம்மா ஒரு தடவை தைரியமாக, "உங்களுக்குன்னு ஒரு குடும்பம் வேணாமா? யாரும் கேட்டு வரலையா?" என்று கேட்டுவிட்டாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வந்தாங்க. ரத்தம். வத்திருச்சு" என்றார். அம்மா அப்புறம் கேட்கவில்லை.

பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பார். அதுதான் அவருடைய பலம். அவரிடம் இருந்த குறையும் அதுதான் என்று எனக்குப் பிறகு தோன்றியது. அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஒரு புத்தகம் மாதிரி. அதற்குள் எல்லாம் இருந்தது. கேட்கிறவர்களுக்கு அது ஒரு வார்த்தை மட்டும்தான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை வாடிப்பட்டிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக நான் இருந்தேன். கல்யாணம் ஆகாத பெண், வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நல்ல உச்சி வெயில். உள்ளே அக்காவின் சத்தம் நின்று, டாக்டரம்மாவின் சத்தம் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அப்புறம் குழந்தை அழுதது.

வெளியே வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது. "பெண்பிள்ளை. பெரிய பிள்ளை. தலை வந்திருச்சு, தோள் மாட்டிக்கிட்டது. இழுத்தேன்" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

உள்ளே போனேன். குழந்தையின் இரண்டு கைகளையும் வழக்கம்போலத் தூக்கி விட்டார். இடது கை மடங்கிக்கொண்டது. வலது கை துணி மாதிரி விழுந்தது.

"நரம்பு" என்றார்.

குழந்தையின் வலது மணிக்கட்டில் மெத்தென்ற துணியைச் சுற்றினார். முழங்கையை மடக்கிக் கையை மேலே தூக்கி, தலைக்குப் பக்கத்தில் அந்தத் துணியைத் தலையணையோடு சேர்த்துப் பின்னூசி குத்தினார். "இப்படியே இருக்கட்டும். குளிப்பாட்டும்போது மட்டும் அவுக்கலாம்."

"எதுக்கு டாக்டரம்மா?" என்றாள் அக்கா, சோர்ந்த குரலில்.

"அப்பத்தான் நரம்பு இழுபடாம தொய்வா இருக்கும். காத்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா அதைக் கண்கொண்டு பார்த்தாள். பிள்ளை மல்லாந்து படுத்திருக்கிறது, கை தலையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாராவது மறந்துபோய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தால், "யாரு குடி முழுகிப் போச்சு?" என்று தட்டிவிடுவார்கள். எழவு வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. யாராவது பார்க்க வந்தால் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போடுவாள். அக்கா ஊசியைத் தொடவே இல்லை. விரல் ஒரு தடவை லேசாக அசைந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் அசைந்த மாதிரிதான் இருந்தது.

தொட்டிலில் போடுகிற அன்று வாடிப்பட்டியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். பகல் நேரம், டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்காவின் மாமியார் ஆசையோடுதான் குனிந்தாள். துண்டை விலக்கினாள்.

"அடி ஆத்தி! வந்ததும் வராததுமா இந்தப் பிள்ளை குடும்பத்துக்குத் தலையில கை வைக்குதே!"

"அத்தை, டாக்டரம்மா கட்டினது. நரம்புக்கு."

"டாக்டரம்மா குடியா முழுகும்? எங்க குடியில்ல முழுகும்! கொடிக்கால்ல போன மழைக்கு வேரழுகல் விழுந்தப்பவே நெனச்சேன்."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் வாசலில் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். மாமியார் குரலைத் தணித்துக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது. "இந்தக் கோலத்துல எம் படி ஏத்த மாட்டேன், தாயி. அவுத்தியன்னா இன்னைக்கே ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். இல்லையா, இங்கயே இரு. உங்க டாக்டரம்மாவோட."

அக்கா என்னையும் அம்மாவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. ஊசியை எடுத்தது அக்காவின் விரல்கள்தான். கை தொட்டிலுக்குள் விழுந்தது. "இப்பப் பாரு, ராசாத்தி!" என்று மாமியார் திருஷ்டி கழித்தாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். தொட்டில் சேலை வெறுமையாகத் தொங்கியது. அம்மா அழுதுகொண்டே சொன்னாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவர் அந்த வெறும் சேலையைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"தலையில கை வைக்கக் கூடாதுங்கிறது எனக்குத் தெரியாம இல்ல. எங்கம்மையும் என் கையைத் தட்டிவிட்டிருக்கா. கட்டும்போது ஞாபகம் வரலயே." தன் கையைத் தோளுக்கு நேராக விரித்துக் காட்டி, "கொஞ்சம் இறக்கி, தோளுக்கு நேரா விரிச்சுக் கட்டியிருந்தாலும் போதும். தலையில பட்டிருக்காது" என்றார்.

பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து யாரும் வரவில்லை. சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்ததும் அவரே கிளம்பினார். என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வாடிப்பட்டி போய் இறங்கியபோது பொங்கல் முடிந்திருந்தது. வீட்டில் அக்கா பிள்ளையைக் கொண்டு வந்து காட்டினாள். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. உள்ளங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது, பின்னால் நிற்கிற யாரிடமோ தெரியாமல் எதையோ வாங்கப் போவது போல. டாக்டரம்மா அதைத் தூக்கி விட்டார். விழுந்தது. மறுபடி தூக்கி விட்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "பெரியவர் எங்கே?" என்றார்.

மாமனார் கொடிக்காலில் இருந்தார். அதற்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. டாக்டரம்மா வரப்பில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார். உள்ளே குளிர்ச்சியாகவும் பாதி இருட்டாகவும் இருந்தது. அகத்தி மரங்களில் ஏறுகிற வெற்றிலைக் கொடிகளைப் பெரியவர் நாரால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இறுக்காமல், நழுவவும் விடாமல்.

டாக்டரம்மா நின்று அதைப் பார்த்தார். அப்புறம்தான் பேசினார். ஏன் கட்டினார், ஏன் அவிழ்த்திருக்கக் கூடாது என்று, எங்கள் வீட்டில் சொல்லாததை எல்லாம் சொன்னார். பெரியவர் கையிலிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டார்.

"நரம்புன்னு சொல்லிவிட்டீக. நரம்புன்னா எனக்கு என்னத்தத் தெரியும்? பிஞ்சுக் கொடி, துவண்டு கெடக்கு, தூக்கிக் கட்டியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, நான் அவுக்க விட்டிருப்பனாம்மா? நாள் பூரா நான் செய்யிற வேலையே அதுதானே!"

டாக்டரம்மா கீழே விழுந்த நாரை எடுத்து அவரிடம் கொடுத்தார். பிறகு, "நரம்புலயும் ரெண்டு இருக்கு, பெரியவரே" என்றார். "இழுபட்டது ஒண்ணு, அறுந்தது ஒண்ணு. பிறந்த அன்னைக்குப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். போகப் போகத்தான் தெரியும். இழுபட்டதுன்னா, கட்டியிருந்தா வந்திருக்கும். அறுந்ததுன்னா, கட்டினாலும் வந்திருக்காது."

"இதுல எது நம்ம பிள்ளைக்கு?"

"கட்டு நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இழுபட்டதுன்னா அவுத்தது தப்பு. அறுந்ததுன்னா..." தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "இழுத்தது இந்தக் கை."

"இழுக்காட்டி?"

"பிள்ளை இருக்காது."

"அப்ப விடுங்கம்மா."

"எதுன்னு தெரிஞ்சா விட்டிரலாம்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பெரியவர் கொடுத்த வெற்றிலை. அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது.

அதன்பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. கட்டுப் போட வேண்டிய குழந்தை என்றால் முதலில், "உங்க வீட்டுல என்ன தொழில்?" என்று கேட்பார். நெசவுக்காரர் வீடு என்றால் இழையைச் சொல்லுவார். ஆசாரி வீடு என்றால் பசை காய்கிறவரை மரத்தை அசைக்காமல் வைப்பதைச் சொல்லுவார். கை விழுந்த பிள்ளைகளுக்குக் கையை இறக்கி, உள்ளங்கை முன்னால் தெரிகிற மாதிரி தோளுக்கு நேராகக் கட்டினார். ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "சாமி அபயம் குடுக்கிற கை மாதிரியில்ல இருக்கு!" என்றாளாம். "ஆமா. அப்படியே இருக்கட்டும், அவுக்காத" என்றாராம் இவர். அந்தப் பிள்ளைக்குக் கை வந்துவிட்டது. அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் வந்து சொன்னவர் ஆஸ்பத்திரி ஆயாதான். டாக்டரம்மா சொல்லவில்லை.

மனிதர்களை எலும்பு, ரத்தம் என்று பிரிப்பதை விட்டுவிட்டார். ராவுத்தர் குதிரையைக் காட்டிக் கேட்டால் சிரிப்பு வருவது போல் வந்து நின்றுவிடும்.

அக்காவின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே அவளை யாரும் வெறுக்கவில்லை. அந்தக் கையைப் பார்க்கிறபோதெல்லாம் மாமியார் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து அக்கா அழுதாள். நடுவில் பிள்ளை திகைத்து நின்றது. அதனால் இங்கே வந்தாள். இடது கையால் எழுதினாள். இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்ததால், யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமானால் அதை வலது விரல்களுக்கு இடையில் செருகி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து முன்னால் தள்ளுவாள். அவளுக்கு அது விளையாட்டு மாதிரி. எங்களுக்குத்தான் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலிலிருந்து திரும்பியதும் டாக்டரம்மா அவளை மாடிக்குக் கூப்பிடுவார். தோளில் ஆரம்பித்து விரல் வரை அழுத்திப் பார்ப்பார். "இங்கே கூசுதா? இங்கே?" கோழி இறகால் தடவுவார். பிள்ளை நெளிந்து சிரிக்கும். ஒரு வாரம் "கூசுது" என்பாள், ஒரு வாரம் "இல்ல" என்பாள். ராவுத்தர் கீழேயிருந்து, "இம்புட்டு வருசமா அந்தக் கையில தேடுறீகளேம்மா, என்னத்தத் தொலைச்சீக?" என்று கேட்டார் ஒரு நாள். டாக்டரம்மா மறுபடி தோளிலிருந்து ஆரம்பித்தார்.

யுத்தம் முடிந்த சமயத்தில் டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார். இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கையும்தான் சாமான். தெருவில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். வாசலில் வந்து நின்றார்கள். குளிப்பாட்டுகிற கிழவிகூட வந்திருந்தாள். வாடிப்பட்டிப் பெரியவர் வழக்கம்போல ஒரு கவுளி வெற்றிலை அனுப்பியிருந்தார். அதைக் கொடுக்கும்படி அம்மா அக்கா மகளிடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிள்ளை கிட்டே போனாள். நாரால் கட்டிய வெற்றிலையை வலது கை விரல்களுக்குள் செருகப் பார்த்தாள். பெரிய கட்டு, நிற்கவில்லை, நழுவியது. மறுபடி செருகினாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவள் காது சிவந்தது.

"வேண்டாம்மா" என்றார் டாக்டரம்மா. "எது வருமோ அதுல குடு."

"பீச்சாங்கையில குடுக்கக் கூடாது."

அன்றைக்கு அவர் அந்த வலது கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தூக்கி விட்டும் பார்க்கவில்லை. குடையைத் தன் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையை நீட்டினார்.

"நானும் அதுலதான் வாங்குதேன். இப்பச் சரியாப் போச்சா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு இடது கையால் கொடுத்தாள். ராவுத்தர் குதிரையைத் தட்டினார்.

ஜட்கா மாசி வீதியில் திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெற்றிலையை அவர் மடியில் வைக்கவில்லை. இடது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.